மாமி தந்த இரும்பு

நெல்லியடிச் சந்தியில் பேருந்தை விட்டிறங்கி, தான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறும்போதுதான் ஆரபிக்கு முதல் தடவை அப்படி மூச்சு வாங்கியது. பாதிப் படியில் நின்று கைபிடியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த சயந்தன், அதே கந்தோரில் வேலை செய்பவன், "என்ன ஆரபி, கலியாணம் முடிச்ச கையோடை கிழவியாகிட்டீரோ?" என்று பகிடி விட்டான். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

பின்னேரம் கரவெட்டிக்கு வந்து சேர்ந்ததும் மாமி கமலாவதி அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"பஞ்சு மாதிரிக் கிடக்கு. ஒரு சொட்டு இரத்தமில்லை. நாளைக்கு டொக்டரிட்டைப் போறம்."

"வேலைக் களைப்பு மாமி. படுத்தெழும்பினா சரி."

"களைப்போ, வேறை ஏதுமோ, அதை அவர் சொல்லட்டும்."

சொல்லும்போதே மாமியின் முகம் மலர்ந்தது. அது என்ன எதிர்பார்ப்பு என்று ஆரபிக்குத் தெரியும். அது இல்லை என்பதும் தெரியும்.

ஆரபியின் தாய்வீடு கொக்குவிலில். கலியாணம் பேசி முற்றாக்கிய பிறகுதான் அவளுடைய கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு கட்டி தட்டுப்பட்டது. வெட்டியெடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நெறிக்கட்டியில் கசம், காசநோய், என்று முடிவு வந்தது. யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் இருந்த டொக்டர், "உது சுவாசப்பைக் கசம் இல்லை. ஒருத்தருக்கும் தொத்தாது. ஆறு மாதம் குளிசையை விடாமல் எடுத்தால் முழுச் சுகம்" என்றார். அவள் அன்றைக்கே மாப்பிள்ளை சிவதர்ஷனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். வேண்டாமென்று விலகிப் போவதென்றால் போகட்டும் என்ற நினைப்போடுதான் சொன்னாள். அவன் விலகவில்லை. ஒன்று மட்டும் கேட்டான்.

"அம்மாவுக்கு மட்டும் சொல்லவேண்டாம். அவவின்ரை அண்ணை கசத்திலைதான் செத்தவர். இடம்பெயர்ந்து ஓடின காலம், மருந்தில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்குக் கை நடுங்கும். மருந்து முடியட்டும், ஆறுதலாச் சொல்லுவம்."

அது அப்போது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. கழுத்துத் தழும்பைக் கேட்டவர்களுக்கு "கொழுப்புக் கட்டி" என்றார்கள். கலியாணம் நடந்தது. சிவதர்ஷனுக்குக் கிளிநொச்சியில் வீதி வேலை. சனிக்கிழமைதான் வருவான். மற்ற நாட்களில் வீட்டில் மாமியும் மருமகளும்தான்.

ஒளித்து மருந்தெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கரவெட்டிக்கு வந்த பிறகுதான் ஆரபிக்குப் புரிந்தது. வெறும் வயிற்றில் விழுங்கவேண்டும். மாமியோ விடிய முன்னமே எழும்பித் தேத்தண்ணியோடு நிற்பாள். அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கும் குளிசைகளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிற சாட்டில் விழுங்குவாள். அந்தக் குளிசையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். மாமி பார்த்துவிடக்கூடாதென்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவாள். கிளினிக்குக்குப் போகிற நாட்களில், "கொக்குவிலுக்குப் போய் அம்மாவைப் பார்த்திட்டு வாறன்" என்பாள். மாமி அம்மாவுக்கென்று முருங்கைக்காய் கட்டிக் கொடுப்பாள். அந்தப் பையோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பது ஆரபிக்கு வெட்கமாக இருக்கும்.

பெரிய குளிசைகளோடு ஒரு சின்னக் குளிசையும் கொடுத்தார்கள். கடதாசி உறையில் போட்ட விற்றமின். மாரி தொடங்கிய ஒரு நாள், கிளினிக்கால் வரும் வழியில் பிடித்த மழையில் கைப்பை ஊறிப்போயிற்று. அட்டையில் இருந்தவை தப்பின. உறைக்குள் இருந்த சின்னக் குளிசைகள் களியாகக் கரைந்து கிடந்தன. திரும்பப் போய்க் கேட்பதென்றால் இன்னொரு லீவு, மாமிக்கு இன்னொரு பொய். 'விற்றமின்தானே, மாமி தாற சாப்பாட்டிலை இல்லாத விற்றமினே' என்று விட்டுவிட்டாள். அடுத்த முறை கொடுத்ததையும் ஒழுங்காக எடுக்கவில்லை. இல்லாமலே பழகிவிட்டது. நேர்ஸ், "எல்லாக் குளிசையும் எடுக்கிறீர்தானே?" என்று கேட்டபோது தலையாட்டினாள்.

டொக்டர் செபநாயகம் நெல்லியடியில் நெடுங்காலம் டிஸ்பென்சரி வைத்திருப்பவர். ஆரபியின் நாடியைப் பிடித்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், என்ன செய்யுது என்று கேட்டார். பக்கத்துக் கதிரையில் மாமி முன்னுக்குச் சரிந்து இருந்தாள்.

"வேறை ஏதாவது குளிசை எடுக்கிறனீங்களோ?"

மாமி முந்திக்கொண்டாள். "என்ரை பிள்ளை தலையிடிக்கும் குளிசை போடாது டொக்டர்."

டொக்டர் மாமியைப் பார்க்கவில்லை. ஆரபியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியின் கை அவளுடைய முழங்காலில் இருந்தது, சூடாக.

"இல்லை" என்றாள்.

இரத்தம் குத்திப் பார்த்தார்கள். மறுநாள் டொக்டர் விளங்கப்படுத்தினார். இரத்தம் குறைவு. செங்குழியங்கள் இருக்கவேண்டிய அளவில்லாமல் சின்னனாக, வெளிறிப்போய் இருக்கின்றன. "பெம்பிளைப் பிள்ளையளுக்கு இது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவாலைதான் வாறது. இரும்புக் குளிசை தாறன். ஒரு மாதத்தாலை வாங்கோ."

அன்றிலிருந்து மாமிக்கு வேறு நினைப்பில்லை. ஒருநாள் முருங்கையிலை வறை, ஒருநாள் ஆட்டீரல் பிரட்டல், பின்னேரத்தில் எள்ளுருண்டை. சோற்றைப் பக்கத்தில் இருந்து தானே பிசைந்தும் கொடுத்தாள். தான் மரக்கறிச் சாப்பாடு சாப்பிடுகிற வெள்ளிக்கிழமையிலும் மருமகளுக்கு ஈரல் சமைத்தாள். "முருகன் கோவிக்கமாட்டான், வருத்தக்காரிக்குத்தானே" என்றாள். இரும்புக் குளிசையை மாமியே எடுத்துத் தண்ணீரோடு நீட்டுவாள். ஒரு குளிசையைக் கிணற்றடியில் ஒளித்து விழுங்கிவிட்டு வந்து, இன்னொரு குளிசையை மாமியின் கையால் வாங்கி விழுங்குவாள் ஆரபி.

ஆனால் மூச்சு வாங்கல் குறையவில்லை. தலையணையில் காதை வைத்தால் நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. உள்ளங்கால்கள் விறைத்து, ஊசி குத்துவது போல எரிந்தன. சயந்தன் இப்போது பகிடி விடுவதில்லை. அவளுடைய கோப்புகளையும் தானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். அவன் அப்படி இரக்கப்படுவதே அவளுக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

இரண்டாம் முறை இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் அதை இன்னொரு தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இரத்தம் கூடேல்லை. இன்னும் குறைஞ்சுபோச்சு. குழியங்கள் முந்தியைவிடச் சின்னன். ஆனா உடம்பிலை இருக்கிற இரும்பையும் அளந்து பார்த்தனான். அது குறைவில்லை, கூடிப்போய்க் கிடக்கு."

"அதெப்பிடி டொக்டர்?" என்றாள் மாமி. "இரும்பு கூடினா இரத்தம் ஊறவேண்டாமே?"

"அதுதான் எனக்கும் யோசினை. வீடு கட்டக் கல்லு வந்து குவிஞ்சிருக்கு, மேசன் எடுத்து வைக்கேல்லை எண்டு வையுங்கோவன். இரத்தம் ஊறுற இடம் எலும்புக்குள்ளை இருக்கிற மச்சை. அங்கை ஏதோ பிழை நடக்குது. பரம்பரையா வாற ஒரு இரத்தக் குறையாயும் இருக்கலாம். இல்லாட்டி மச்சையிலையே ஏதும் வருத்தமாயும் இருக்கலாம். யாழ்ப்பாணத்திலை காட்டி, மச்சையைக் குத்தி எடுத்துப் பார்க்கவேண்டி வரும். இப்ப முதல் வேலை, இரும்பை நிப்பாட்டுங்கோ. இனிக் குடுத்தா ஈரலிலையும் நெஞ்சிலையும் போய்ப் படியும்."

மச்சையில் வருத்தம் என்றால் என்ன என்று மாமியும் கேட்கவில்லை, ஆரபியும் கேட்கவில்லை. இருவருக்கும் புற்று என்ற ஒரே சொல்தான் மனதில் வந்தது. ஓட்டோவில் வரும்போது மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஆரபி கந்தோரிலிருந்து சிவதர்ஷனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "உந்தக் கிளினிக் குளிசையாலை ஏதும் வந்திருக்குமோ?"

"நெறிக்கட்டிக்குக் குடுக்கிற மருந்து இரத்தத்தை என்ன செய்யும்? கனக்க யோசியாதையும்" என்றான். அவன் நின்ற இடத்தில் மண் லொறி ஒன்று இரைந்தது. அது கடந்து போகும்வரை காத்திருந்தான். பிறகு குரல் தாழ்ந்து, "அந்த டொக்டரிட்டைத் தனியச் சொல்லிப் பார்ப்பமோ?" என்றான். "ஆனா அவர் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டா..."

அவன் முடிக்குமுன் அவள், "வேண்டாம், விடுங்கோ" என்றாள்.

மாமிக்கு டொக்டரின் பேச்சு ஏறவேயில்லை. சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய் நூல் கொண்டுவந்து ஆரபியின் கையில் கட்டினாள். "இமையைப் பார்த்தா வெள்ளைத் துணி. இரும்பு கூடிப்போச்சாம்! அவருக்கு வயசு போட்டுது" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு, மருந்துக்கடையில் இரும்புச்சத்துப் பாணி மருந்து ஒரு போத்தல் வாங்கிவந்தாள். டொக்டர் நிறுத்தச் சொன்னாரே என்று ஆரபி சொன்னபோது, "உன்னைச் சாகவிட்டிட்டு நான் பார்த்துக்கொண்டிருக்கிறதோ?" என்று கரண்டியை வாயடிக்குக் கொண்டுவந்தாள். ஆரபி வாயைத் திறந்தாள்.

அந்தப் பழுப்பு நிறப் பாணி, தேன் போல இனித்து, கடைசியில் ஆணியை நக்கியது போல வாயில் நின்றது. ஈரலில் படியும், நெஞ்சில் படியும் என்று டொக்டர் சொன்னது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. தனக்குள்ளே துருப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டாள். ஒளித்து விழுங்கும் குளிசையும் ஒளிக்காமல் குடிக்கும் பாணியும் உள்ளே ஒன்றாகக் கிடந்தன.

திங்கட்கிழமை காலை கந்தோர் மாடிப்படியின் கீழ்ப்படியில் கால் வைத்தாள். கண் இருண்டது. அப்படியே படியில் இருந்துவிட்டாள். ஆட்கள் விலகி ஏறிப்போனார்கள். சயந்தன் சோடா வாங்க ஓடினான். அவன் திரும்பி வரமுன் அவள் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, டிஸ்பென்சரிக்குப் போனாள்.

அவளைத் தனியாகக் கண்டதும் டொக்டர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் பொய் சொன்னனான் டொக்டர். கசத்துக்குக் குளிசை எடுக்கிறனான். கழுத்துக் கட்டிக்கு. அஞ்சாவது மாதம்." ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடிய அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

டொக்டர் கோபப்படவில்லை. கதிரையில் நிமிர்ந்தார். "என்னென்ன குளிசை? அதோடை ஒரு சின்ன விற்றமின் குளிசையும் தந்திருப்பினமே, அதை எடுக்கிறீங்களோ?"

"அது மழையிலை கரைஞ்சுபோச்சு. பிறகு விட்டிட்டன். விற்றமின்தானே எண்டு..."

"கால் எரியுதோ? விறைக்குதோ?"

"ஓம்."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "பிள்ளை, அந்தக் கச மருந்திலை ஒண்டு எங்கடை உடம்பிலை இருக்கிற பி ஆறு எண்ட விற்றமினைப் பறிச்சுப்போடும். அந்த விற்றமின் இல்லாட்டி மச்சைக்கு இரும்பைக் கோத்து இரத்தமாக்கத் தெரியாது. இரும்பு சும்மா தேங்கும். குழியம் சிறுத்துப்போகும். எல்லாருக்கும் இவ்வளவுக்கு வாறதில்லை. உங்கடை உடம்பு அந்த மருந்தை மெதுவாக் கழிக்கிற உடம்பாக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தச் சின்னக் குளிசை."

"அப்ப மச்சையிலை புற்று..."

"புற்று இல்லை, இந்த விற்றமின் குறைவாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். சத்தியம் பண்ணமாட்டன். விற்றமினைக் குடுத்துப் பார்த்தா இரத்தமே சொல்லும்." தொலைபேசியை எடுத்தவர், அதைக் காதில் வைக்காமல் சொன்னார்: "நான் அண்டைக்கு உங்கடை மாமியை வெளியிலை இருக்கச் சொல்லிப்போட்டுக் கேட்டிருக்கோணும். என்ரை பிழையும் கிடக்கு."

கிளினிக் டொக்டரோடு அவர் பேசினார். அந்த ஒரு மருந்தை இப்போதைக்கு நிறுத்துவது, மற்றதோடு வேறொன்றைச் சேர்த்துத் தொடர்வது, விற்றமினைக் கூடிய அளவில் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆரபி புறப்படும்போது, "இரும்பு நிப்பாட்டினதுதானே?" என்று கேட்டார்.

"மாமி பாணி மருந்து தாறா."

"அப்ப மாமிக்குச் சொல்லத்தான் வேணும்."

வீட்டுக்குள் வந்தபோது மாமி குசினியில் கரண்டியோடு நின்றாள். ஆரபி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"மாமி, இதைக் குடிச்சா எனக்குக் கூடாது. நான் கிணற்றடியிலை வேறை குளிசை எடுக்கிறனான். எனக்குக் கசம். கழுத்திலை இருந்தது கசக் கட்டி. உங்களுக்குத் தொத்தாது. மருந்தாலைதான் இரத்தம் இப்பிடிப் போனது."

கரண்டியிலிருந்து பாணி மருந்து நிலத்தில் சொட்டியது. மாமி முதலில் கேட்டது கசத்தைப் பற்றியல்ல.

"அப்ப நான் இவ்வளவு நாளும் உனக்கு நஞ்சே தந்தனான்?"

"இல்லை மாமி..."

"டொக்டர் வேண்டாமெண்டு சொல்லச் சொல்லப் பருக்கினனான். நீயும் ஆவெண்டு குடிச்சாய். ஏன்டி குடிச்சனி?"

மாமி போத்தலை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போனாள். வாழையடியில் கவிழ்த்து ஊற்றினாள். கடைசிச் சொட்டுப் போன பிறகும் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றாள். பிறகு வந்து மகனுக்குத் தொலைபேசி எடுத்து, ஆரபி இதுவரை அவளிடம் கேட்டிராத சொற்களால் ஏசினாள். "அப்பா இல்லாத வீட்டிலை என்னையே மொக்குக் கிழவி ஆக்கினியோடா" என்று முடித்தாள்.

அன்று இரவு ஆரபியின் சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் மாமி கொதிதண்ணியில் கழுவுவதை அவள் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. தொத்தாது என்று டொக்டர் தன் வாயால் மாமிக்குச் சொன்னார். மாமி "ஓம் ஓம்" என்றாள். கொதிதண்ணி நிற்கவில்லை. சாப்பாடு குறையாமல் வந்தது, ஆனால் பக்கத்தில் இருந்து பிசைந்து தருவது நின்றுபோயிற்று. சனிக்கிழமை வந்த சிவதர்ஷன் இருவருக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்தான். "நான் சொன்னதாலைதான் அவள் ஒளிச்சவள் அம்மா" என்றான். மாமி அவனுடைய முகத்தைப் பார்க்கவேயில்லை.

விற்றமின் தொடங்கி ஒரு கிழமை ஒன்றும் தெரியவில்லை. ஆரபி ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் இமையை இழுத்துப் பார்த்தாள். டொக்டர் சத்தியம் பண்ணமாட்டேன் என்றது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இதுவும் பிழையாய்ப் போனால் மச்சையைக் குத்துவதுதான் மிச்சம். பிறகு ஒருநாள் காதுக்குள் நெஞ்சடிக்கிற சத்தம் கேட்கவில்லை. அவள் அதைக் கவனித்ததே மத்தியானத்தில்தான். பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் புறப்படும்போது மாமி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். "நானும் வாறன்." பேருந்தில் ஒன்றும் பேசவில்லை. கிளினிக் வாங்கில் இருந்ததும் சேலைத் தலைப்பை மூக்குவரை இழுத்துக்கொண்டு, இருமுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எங்கடை குகதாசன் அண்ணைக்குப் பாயைத் தள்ளிப் போட்டிருந்தவை" என்றாள் திடீரென்று. "சாப்பாட்டைத் தூர வைச்சுத் தடியாலை தள்ளிவிடச் சொல்லி அம்மா சொல்லுவா. நான் தள்ளிவிட்டனான். அவர் சிரிப்பார். குளிசை இருந்தா அவரும் கலியாணம் கட்டியிருப்பார்."



அப்போது எதிர்ப் பக்கத்தால் வந்தவள் தனுசியா, அவர்களுடைய ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருப்பவள். மகளுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு என்று கூட்டிவந்திருந்தாள். "என்ன கமலாவதி அக்கா, இஞ்சை?" என்று கேட்டுக்கொண்டே ஆரபிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மாமி தலைப்பை இறக்கினாள். "எனக்குத்தான் தனுசியா. இழுப்பு. மருமேள் கூட்டிக்கொண்டு வந்தவ."

பிசகில்லாமல் சொன்னாள். சொன்னதோடு இரண்டு தரம் இருமியும் காட்டினாள். இந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் நாளைக்கு இன்னொரு பொய், அதற்கொரு பொய். எத்தனை குளிசையை, எத்தனை தண்ணீரை, எத்தனை முருங்கைக்காயை இனியும் மறைப்பது?

"இல்லை அக்கா" என்றாள். "மாமிக்கு ஒண்டுமில்லை. மருந்து எனக்கு. கழுத்திலை கசக் கட்டி இருந்தது. இப்ப சுகம்."

தனுசியா "ஓ, அப்பிடியே" என்றாள். பிறகு, மகளுக்கு ஃபான் காற்றுக் கூடாதென்று சொல்லி எழுந்து அந்தக் கரை வாங்குக்குப் போனாள். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுதும் தெரிந்துவிடும் என்று ஆரபிக்குத் தெரிந்தது.

மாமி தனுசியா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விசரி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு நகர்ந்து, தனுசியா விட்டுப்போன இடத்தில், ஆரபியோடு தோள் முட்ட வந்து இருந்தாள்.

உள்ளே கிளினிக் டொக்டர் புதிய இரத்த முடிவை விரித்துப் பார்த்தார். இரத்தம் கூடத் தொடங்கியிருக்கிறது. செங்குழியங்கள் பருத்து வருகின்றன. இன்னும் முழு அளவுக்கு வரவில்லை, ஆனால் வழிக்கு வந்துவிட்டன. மச்சையைக் குத்தத் தேவையில்லை.

"தேங்கின இரும்பு?" என்று மாமி கேட்டாள்.

"அது மெதுவாத்தான் இறங்கும் அம்மா. புது இரத்தம் ஊற ஊற அதை எடுத்துப் பாவிக்கும். சில மாதம் செல்லும். இடைக்கிடை பார்த்துக்கொள்ளுவம்."

"நான் குடுத்ததும் அதோடை இறங்குமோ?"

டொக்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. ஆரபிதான் பதில் சொன்னாள். "இறங்கும் மாமி."

வெளியில் வந்ததும் மாமிக்குப் பசித்தது. கடையொன்றில் இடியப்பமும் சொதியும் எடுத்தார்கள். மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பைதான் துடைத்துக் கிடந்தது. மற்றது வரும்வரை மாமி காத்திருக்கவில்லை. அந்தக் கோப்பையை நடுவில் வைத்து, இடியப்பத்தைப் பிய்த்து, ஆரபியின் பக்கம் தள்ளிவிட்டுத் தானும் சாப்பிடத் தொடங்கினாள்.